துப்பறியும் மார்க்கசகாயம் இறந்ததால் கிட்டங்கி நின்றுபோன விவரம்

போடிநாயக்கனூர்,
1937 ஆகஸ்டு 6, வெள்ளிக்கிழமை.

சென்னைப் பட்டணத்திலிருந்து மாதம் ஒரு பாகமாக ‘துப்பறியும் மார்க்கசகாயம்’ வெளியிட்டுவரும் மகாகனம் பொருந்திய பத்திராதிபர் அய்யா சமூகத்துக்கு, போடி ஏலக்காய்க் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை ஞா. பொன்னுராஜ் பணிந்து எழுதிக்கொண்டது.

கர்த்தர் கிருபையால் நானும் என் மனைவி சொர்ணலதாவும் சுகம். தாங்களும் தங்கள் அச்சாபீசும் அவ்விதமே இருக்க ஜெபிக்கிறேன். இங்கே மழை பரவாயில்லை. மலையில் காய்ப்பு நன்றாயிருக்கிறது. தங்கள் கதாநாயகர் மட்டும்தான் சுகமில்லை, போன செவ்வாய்க்கிழமை செத்துப்போனார். அது விஷயமாகவே இந்தக் கடிதம்.

இதை நான் எழுத எழுத எங்கள் முதலாளி சுயம்புலிங்கம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். அவருக்குப் பின்னால் காய் பொறுக்கும் பெண்கள் முப்பது பேரும் நிற்கிறார்கள். ஆகையால் எங்கேயாவது கடுமை தட்டினால் அது சபையோருடைய கடுமை என்று தாங்கள் கொள்ளவேண்டும்.

எங்கள் கிட்டங்கியில் (பட்டணத்தில் கிடங்கு என்பீர்கள்) மலையிலிருந்து வருகிற ஏலக்காயைப் பெண்கள் சொளகில் கொட்டித் தரம் பிரிப்பார்கள். கை சொளகில் இருக்கும், காய் வாயில் இருக்கும். சாயங்காலம் ஒவ்வொருத்தியும் கல்யாணப் பாயசம் மாதிரி மணந்துகொண்டு வீட்டுக்குப் போவாள். முதலாளி மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், பாட்டுப் பாடச் சொன்னார், பாட்டுக்கு நடுவிலும் மென்றார்கள். கடைசியில் மூன்றேகால் வருஷத்துக்கு முன்னால் நான்தான் தங்கள் முதல் பாகத்தைக் கொண்டுபோய் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தேன். அன்றைக்கு ஒரு காய் குறையவில்லை. கதை கேட்கிற வாய் திறக்குமே தவிர மெல்லாது. அன்று பிடித்து, ஒரு பாகத்தை நாளுக்குக் கொஞ்சமாக மாதம் முழுக்க இழுத்து, நாற்பது பாகம் வாசித்தாயிற்று, தங்களுக்காக நான் பொய்யும் சொல்லியாயிற்று. ஏழாம் பாகத்தில் வில்லனுக்கு மச்சம் இடது கன்னத்தில். பத்தொன்பதாம் பாகத்தில் அதே ஆளுக்கு வலது கன்னத்தில். “ஏன்யா, மச்சம் எப்பிடிங்க மூக்கைத் தாண்டுச்சு?” என்று இருளம்மாள் சொளகை வைத்துவிட்டுக் கேட்டாள். எழுதினவர் கண்ணாடியில் பார்த்து எழுதிவிட்டார் என்று சொல்லித் தங்கள் மானத்தைக் காப்பாற்றினவன் நான்.

அப்படிப்பட்ட எங்களுக்கு நாற்பத்தோராம் பாகத்தில் இப்படிச் செய்யலாமா? நாற்பது பாகமாக மயிலாப்பூரைத் தாண்டாத மனுஷர் திடீரென்று போடி ரயிலேறித் தேனியில் வந்து இறங்குகிறார். யார் வரச்சொன்னது? இட்டலி தின்றுவிட்டு மாட்டுவண்டி பிடித்து, கம்பம் கூடலூர் கடந்து லோயர் கேம்ப் போய், நகைத் திருடனைத் துரத்திக்கொண்டு பெரியாற்றுத் தண்ணீர் வருகிற குகைக்குள் நுழைகிறார். மேலே எவனோ மதகைத் திறந்துவிடுகிறான். தலைப்பாகை மட்டும் மிதந்து வருகிறது. வர்ணனை அபாரம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். முந்தின நாற்பது பாகத்திலும் அப்படி ஒரு வர்ணனை கிடையாது. ஆனாலும் இரக்கம் வேண்டாமா அய்யா?

பெண்களுக்கெல்லாம் தலைவியான மூக்கம்மாள் சொளகைத் தூக்கி எறிந்தாள். “அடப்பாவிகளா! ஒத்தையில வந்த மனுசனத் தண்ணியில விட்டுக் கொன்னுட்டாகளே!” என்று தலைமயிரை அவிழ்த்தாள். முப்பது பேரும் வட்டமாக நின்று மாரடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சொந்தமா பந்தமா, எதற்கம்மா இந்த அழுகை என்று கேட்டேன். “மூணு வருசமா தெனமும் எங்ககூட இருந்தாக. எங்க வீட்டு மச்சான் மாசத்துல நாலு நாளு வீடு தங்குறாரு. இதுல யாருங்கய்யா சொந்தம்?” என்றாள் மூக்கம்மாள். பதினாறாம் நாள் கருமாதி கழியாமல் சொளகைத் தொடுவதில்லை என்று தீர்மானம் ஆனது. கேத வீட்டில் எப்படிங்க வேலை பார்ப்பது என்கிறார்கள். மறுநாள் பக்கத்துக் கிட்டங்கிப் பெண்கள் வேறு கேதம் கேட்க வந்து, வாசலில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அவர்களும் வேலைக்குப் போகவில்லை.

மதுரைக்குப் போயிருந்த முதலாளி அந்த நேரம் பார்த்து வந்து இறங்கினார். கிட்டங்கி வாசலில் தலைவிரி கோலமாய்ப் பெண்கள். தம் வீட்டில்தான் யாருக்கோ ஆகிவிட்டது என்று துண்டை வாயில் பொத்திக்கொண்டு அவரும் அழுதார். சுமார் பத்து நிமிஷம் அழுதபிறகுதான் “யாரு போனது?” என்று கேட்டார். “மெட்ராசு மார்க்கசகாயம் அண்ணன்” என்றார்கள். “எவன் அவன்? நமக்குச் சரக்கு ஏதும் பாக்கி வச்சிருக்கானா?” என்றார். (இந்த இடத்தை வாசித்ததும், “இது எதுக்குங்க கணக்கப்பிள்ளை, அடிச்சிருங்க” என்கிறார் முதலாளி. எழுதினதை அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.)

சங்கதி என்னவென்றால், இருபதாம் தேதி பம்பாய் வியாபாரி வருகிறார். இருநூறு மூட்டை அப்படியே கிடக்கிறது. “கதை வாசிச்சு வேலைய நிறுத்துனது நீங்க. திரும்ப நடத்துறதும் நீங்கதான். இல்லேன்னா இருபத்தோராந் தேதி உங்க முக்காலியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருங்க” என்று முதலாளி முப்பது பேர் முன்னிலையில் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் இந்த ஒரே கிட்டங்கியில் இருந்துவிட்டேன் அய்யா. ஐம்பது வயதுக்கு மேல் என்னை எவன் சேர்த்துக்கொள்வான்? வீட்டில் சொர்ணலதாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆகையால் தாங்கள் பெரிய மனது பண்ணி, ‘மார்க்கசகாயம் உயிரோடிருக்கிறார், கவலை வேண்டாம்’ என்று முதலாளி பேருக்கு உடனே ஒரு தந்தி கொடுத்து, நாற்பத்திரண்டாம் பாகத்தில் அவரை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டியது. தங்கள் குடும்பத்துக்கும், அச்சுக் கோக்கிற பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய வாழ்த்தும் உரித்தாகுக. முதலாளி தமது விசாரிப்பைச் சேர்க்கச் சொல்கிறார். பெண்கள் எதுவும் சேர்க்கச் சொல்லவில்லை, தங்கள்மேல் கோபமாயிருக்கிறார்கள்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த வாசகன்,
ஞா. பொன்னுராஜ்

பி.கு: முதலாளி காப்பி குடிக்கப் போய்விட்டார். பெண்களும் கலைந்துவிட்டார்கள். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தோராம் பாகம் எனக்குத் தபாலில் வரவே இல்லை. தாங்கள் அவரைக் கொல்லவும் இல்லை. செவ்வாய்க்கிழமை முப்பது பேர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள், என்ன செய்ய? பழைய நாற்பதாம் பாகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது லோயர் கேம்ப், அங்கே கூட்டிப்போனேன். சாப்பாடு முடிந்து அவரை வெளியே எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தலைப்பாகை மிதந்து வந்த நிமிஷம் பார்த்து மத்தியான மணி அடித்துவிட்டது. நான் முக்காலியைவிட்டு எழுந்திருக்குமுன்னே மாரடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குமேல் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை.

இதை எழுதும்போது மூக்கம்மாள் மட்டும் திரும்பி வந்தாள். “எச்சி தொட்டு ஏடு பெரட்டுற ஆளு நீங்க. அன்னைக்கு ஒருக்காக்கூட வெரலு நாக்குக்குப் போகலையே” என்றாள். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத பொம்பளை! தெரிந்துகொண்டே ஏன் தாயி அழுதாய் என்று கேட்டேன். “கதை நல்லாருந்துச்சு, அழுக வந்துச்சு. மெட்ராசுக்காரவுக நாப்பது பாகம் எழுதி ஒரு நாளு அழ வச்சாகளா?” என்றாள். பிறகு, “அவுகளுக்கு எதுக்குத் தந்தி? நீங்களே எழுப்புங்க. திங்கக்கெழமை எல்லாரையும் கூட்டியாறேன். ஆனா செத்த மனுசன் சும்மா எந்திரிக்கக் கூடாது, நாலு நாளாச்சும் இழுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருபத்திரண்டு வருஷமாக நான் எழுதினதை முதலாளிகள் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடுத்து என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது அய்யா.

முதலாளி பார்க்க எழுதின கடிதம் ஆகையால் தபாலில் போட்டாக வேண்டும், போடுகிறேன். தாங்கள் தந்தி கொடுக்க வேண்டாம். நாற்பத்திரண்டாம் பாகமும், இனிமேல் எந்தப் பாகமும் அனுப்ப வேண்டாம். தங்கள் மார்க்கசகாயம் மயிலாப்பூரிலேயே சௌக்கியமாக இருக்கட்டும், மதுரைக்கு மேற்கே மட்டும் விட்டுவிடாதீர்கள். இங்கே ஒருவர் திங்கட்கிழமை தொடங்கி நாலு நாளில் குமுளிப் பக்கம் கரையேறுகிறார்.