நெஞ்சு நின்ற மதியம்

நான் ஒரு முறை செத்துப் பிழைத்தவன். நோய் எதுவும் இல்லை, கைபேசிதான் காரணம்.

தென்னேரியிலிருந்து வேலைக்காகக் காஞ்சிபுரம் வந்து, நெசவாளர் தெருவில் அறை எடுத்திருந்த புதிது. உள்ளூர்ப் பெண் மல்லிகாவோடு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. சளி பிடித்துக் காது அடைத்துக்கொண்டது. டாக்டரிடம் போவேனா? (நான்தான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே!) இணையத்தில் தேடினேன். எண்ணெயில் நனைத்த பஞ்சைக் காதில் வைக்கச் சொன்னது. இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு தரையில் பாய் விரித்துப் படுத்தேன்.

லேசான காய்ச்சல். மின்விசிறி தண்ணீருக்கடியில் சுற்றுவது போல் சுற்றியது. ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தது. உலகம் எங்கோ தூரத்தில் இருந்தது. சொல்லப்போனால் சுகமாகத்தான் இருந்தது. அப்போது தலையணைக்குள்ளிருந்து ஒரு சத்தம். டக்... டக்... என் இதயம்! அதைக் கேட்டபடியே கண் செருகும் நேரத்தில், சட்டென்று நின்றுவிட்டது.

பிறகு துடித்தது. மறுபடி நின்றது.

'இதயம் நின்று நின்று துடித்தால்' என்று தேடினேன். படிக்கப் படிக்க வியர்த்தது. நாடி பார்க்கச் சொன்னார்கள், அகப்படவில்லை. (சுண்டுவிரல் பக்கம் தேடியிருக்கிறேன்.) நடுவில் ஆயுள் காப்பீட்டு விளம்பரம் வேறு.

பயத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக வந்தது. மல்லிகாவுக்கு ஒரு முழம் பூகூட வாங்கித் தந்ததில்லை. அவளாவது நன்றாக இருக்கட்டும் என்று போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சத்தமா பேசு மல்லிகா, காதுல பஞ்சு வச்சிருக்கேன். நீ வேற யாரையாவது கட்டிக்கோம்மா. என் நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது."

"இன்னாங்க சொல்றீங்க?" அவள் குரல் நடுங்கியது.

"நீயே கேளு. இதோ... நின்னுடுச்சு!"

டக் டக் மறுபடி தொடங்கியது.

"ஏங்க, பக்கத்து வீட்டுல தறி ஓடிக்கினு இருக்குது. இழை அறுந்தா நிறுத்தி முடிச்சு போடுவாங்க. மொதல்ல அந்தப் பஞ்சை எடுங்க!"

எடுத்தேன். தெருவிலிருந்த தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அறைக்குள் வந்தன. நடுவில் அவள் அழுதுகொண்டே சிரிப்பதும் கேட்டது. அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்ச நேரம் கேட்பதற்காகவே பேசாமல் படுத்திருந்தேன்.

கல்யாணமாகி அதே தெருவில்தான் இருக்கிறோம். தறி நின்றால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்: "ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்று சொல்லியாக வேண்டும்.

அமாவாசையன்று நெசவுக்கு விடுமுறை, தெருவே அமைதியாகிவிடும். அன்று மட்டும் கரண்டியோடு வந்து நின்று கேட்பாள்:

"உங்களுக்குத் தட்டுல வைக்கவா, படையல் போடவா?"