ஹென்றியின் கிரேக்க வினைச்சொல்

"நாலு வாரமா ஒரே வார்த்தையா? கல்யாணமான புதுசுல என்கிட்டகூட நீங்க இவ்ளோ பேசினதில்லையே" என்றாள் வெரோனிகா, சுண்டலைத் தாளித்தபடி.

ஹென்றி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தபால் வழியில் ஆறு மாதம் கிரேக்கம் படித்து, சான்றிதழை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருப்பவர் அவர். மயிலாப்பூரில் அவர்கள் பங்குக் கோயில் ஹாலில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிதோறும் நடக்கும் விவிலிய வகுப்பு அவர் பொறுப்பு. 'பொரெயுஓமாய்' என்ற வினைச்சொல்லை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார். புறப்படுதல், ஓரிடத்தை நோக்கிப் பயணப்படுதல் என்று பொருள். புதிய ஏற்பாட்டில் நூற்றைம்பது தடவைக்கு மேல் வருகிறது. ஹென்றி அப்போதுதான் இருபத்திரண்டாவது தடவைக்கு வந்திருந்தார்.

முதல் வாரம் முப்பது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பன்னிரண்டு.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி.யில பாட்டுப் போடுவான் சார். யாரு வருவா?" என்றார் கோயிலில் ஆர்கன் வாசிக்கும் லாய்ட்.

வகுப்பை மதியம் மூன்று மணிக்கு மாற்றினார் ஹென்றி. வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் கழன்றுகொண்டார்கள். அவரே ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று.

வகுப்பு முடிந்ததும் சுண்டல் என்று அறிவித்தார். சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்தார்கள். சரி, முதலிலேயே கொடுப்போம் என்று கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் வெரோனிகா, லாய்ட், கதவைப் பூட்டக் காத்திருந்த கோயில்பிள்ளை.

பங்குத்தந்தை கூப்பிட்டு அனுப்பினார்.

"அடுத்த வெள்ளி நானே வந்து எண்ணப்போறேன், ஹென்றி சார். இருபத்தஞ்சு பேர் இல்லேன்னா ஹாலைத் தையல் கிளாசுக்குக் குடுத்துடறேன். அவங்க மிஷினோட வெளிய நிக்கிறாங்க."

ஆபீசில் ஹென்றியை ஃபைல் கேட்பதற்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள். உலகத்திலேயே அவரை 'கிரேக்க சார்' என்று கூப்பிடுகிற ஒரே இடம் அந்த ஹால். அதுவும் போய்விட்டால் லேமினேட் செய்த காகிதம்தான் மிச்சம்.

"அந்த வார்த்தைய வேணா மாத்திப் பாருங்களேன்" என்றாள் வெரோனிகா.

"முடியாது. இன்னும் சாராம்சத்துக்கே வரல."

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். காலையிலிருந்தே ஹாலுக்குப் பின்னாலிருந்த அறையில் அடைந்துகொண்டு குறிப்புகளை மனப்பாடம் செய்தார். வெரோனிகா கொண்டுவந்த சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. மூன்று மணிக்குக் கதவைத் திறந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஹால் நிரம்பி, சுவரோரம் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள்.

பாதி முகங்களை அவர் பார்த்ததே இல்லை. முன்வரிசையில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர். பக்கத்தில் தொப்பி அணிந்த ஒருவர், காலடியில் பெட்டியோடு. கிரேக்கத்துக்கு மதம் ஏது என்று ஹென்றி நெகிழ்ந்துபோனார்.

அன்றைக்கு அவர் பேசியது பேச்சு. நல்ல சமாரியன் கதை முடிவில் 'நீயும் போ' என்று வருவதும் இதே சொல், சீடர்களை உலகெங்கும் 'போங்கள்' என்று அனுப்பும்போது வருவதும் இதே சொல் என்று இரண்டு மணி நேரம் விளாசினார். ஒருவர் அசையவில்லை. நடுவில் எழுந்த இரண்டு பேர்கூட வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, மனசு வராமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து பங்குத்தந்தை எழுந்து வந்தார்.

"நாப்பத்தி மூணு பேர்! நான்தான் தப்பா நெனச்சுட்டேன் சார். தவக்காலத்தோட நிறுத்தாதீங்க, வருஷம் பூரா நடத்துங்க."

ஹென்றிக்குத் தலைகால் புரியவில்லை. வெரோனிகாவைப் பார்த்தார். அவள் கண்ணில்கூட ஒரு சின்ன மரியாதை தெரிந்தது.

"யாருக்காவது சந்தேகம் இருந்தா தயங்காம கேளுங்க" என்றார்.

மூன்றாம் வரிசையில், மடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கையைத் தூக்கினாள்.

"இன்னா நைனா, அறுபத்துமூவர் ஊர்கோலம்னு மத்தியானமே பஸ்ஸெல்லாம் நிறுத்திட்டான், நாங்க வூட்டுக்குப் போவ வழியில்லாம ஃபேனுக்கடியில வந்து குந்திக்கினு கீறோம், நீ ரெண்டு அவரா போ போன்னு சொல்றியே கண்டி, எந்தத் தெரு வழியா போறதுன்னு சொல்லவே மாட்டேன்றியே?"