ஊன் மாமாவின் போர்வை

போர்ட் பிளேரில் சாமிக்குச் சாத்தின மாலைக்கே மத்தியானத்துக்குள் வேர்த்துவிடும். அந்த ஊரில் உட்கார்ந்து கம்பளிப் போர்வை பின்னிய ஒரே பிறவி, அதுவும் மீசை வைத்த பிறவி, எங்கள் ஊன் மாமா தான். வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்!

ஊன் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இந்தியில் ஊன் என்றால் கம்பளி நூல். மாமா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு ரப்பர் பால் வெட்ட வந்தவர். அங்கே வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லாரோடும் இந்தியிலேயே பேசிப் பேசி, அவர் வாயில் இரண்டு பாஷையும் குழைந்துபோய்விட்டன. இங்கே வந்த புதிதில் ஒருநாள் போர்ட் பிளேர் பஜாரில், நெற்றி நிறையத் திருநீறு பூசின திருநெல்வேலி அண்ணாச்சி கடைக்குப் போய், "நல்ல ஊன் இருக்குங்களா? பச்சப்புள்ளைக்கு" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணாச்சி ஆடிப்போய்விட்டார்.

"ஏவே, சைவக் கடையில வந்து இறைச்சி கேக்கீரே! அதுவும் பச்சப்புள்ளைக்கா? வெளங்குமா வே?"

"கறி இல்லீங்க, ஊனுங்க, ஊன்!"

"அதத்தான்வே நானும் சொல்லுதேன்!"

அன்றிலிருந்து எங்கள் பேட்டை பத்துபஸ்தி முழுக்க அவர் ஊன் மாமா. சொந்தப் பேர் ரேஷன் கார்டோடு சரி.

சுனாமிக்குப் பிறகு கச்சாலை விட்டு, மகள் செல்வி, மருமகனோடு எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார். செல்விக்கு ஓர் ஆண் குழந்தை இருந்தது. அலை வந்தபோது அது தாத்தா கையில் இருந்தது. தாத்தா கரை சேர்ந்தார், குழந்தை சேரவில்லை. அதைப் பற்றி அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தட்டை வைப்பாள், சாப்பிட்டதும் எடுப்பாள். நடுவில் 'அப்பா' என்றுகூட வராது.

செல்வி மறுபடி முழுகாமல் இருந்தாள். மாமா பின்ன ஆரம்பித்தார்.

நூலுக்கு எங்கே போனார் என்கிறீர்களா? மெயின்லேண்ட் புண்ணியவான்கள் அனுப்பிய நிவாரணத்தில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் ஹேடோ கப்பல் துறையில் மலையாய் வந்து இறங்கி, வீட்டுக்கு வீடு கிடைத்திருந்தன. கொதிக்கிற ஊரில் அதை யார் போடுவார்கள்? எதிர்வீட்டு வங்காளி அம்மா தன் ஆட்டுக்குப் போட்டுவிட்டாள். அது ஒரு வாரம் கலெக்டர் மாதிரி நடந்தது. மாமா வீடு வீடாகப் போய் அந்த ஸ்வெட்டர்களை வாங்கிவந்து, பிரித்துப் பிரித்து உருண்டை சுற்றினார். குடைக்கம்பியைத் தேய்த்து ஊசி செய்துகொண்டார். இலங்கையில் குளிர்த் தேயிலைத் தோட்டத்தில் பின்னிப் பழகின கை.

"ஏன் மாமா, இந்த வேக்காட்டுல கம்பளியா? புள்ள வெந்துடும்!" என்றேன் நான்.

"அத நான் பாத்துக்கிறேன் டீச்சர்."

செல்விக்கு இது பிடிக்கவில்லை. அவரிடம் நேரே சொல்வாளா? இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க, நடுவில் நான் தபால்காரி.

"டீச்சர், பொறக்குறதுக்கு முன்ன எதையும் சேக்க வேணாம்னு சொல்லுங்க. மொத புள்ளைக்கு எல்லாம் வாங்கி அடுக்குனதே போதும்."

"டீச்சர், புதுசுதான் ஆவாதுன்னு பெரியவங்க சொன்னது. இது பழசு. யார் யாரோ போட்டுக் கழிச்சது. பழசுதானே பச்சப்புள்ளைக்கு நல்லது? சொல்லுங்க."

செல்வி திரும்பிக்கொண்டாள். ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அடேயப்பா, அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

போர்வை முடிந்தது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கரை. நிஜமாகவே நன்றாக இருந்தது. அதோடு விட்டாரா மனுஷன்? பச்சைக் குழந்தை மேலே படுகிற துணி என்று, அண்டாவில் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து, போர்வையை உள்ளே அமுக்கிவிட்டார்.

ஸ்வெட்டர் எல்லாம் ஒரே சாதியா என்ன? அசல் கம்பளி நூல் வெந்நீரில் சுருங்கியது. நைலான் கலந்தது சுருங்கமாட்டேன் என்று நின்றது. சிவப்புச் சாயம் எல்லார் மேலேயும் ஏறியது. குச்சியால் தூக்கிப் பார்த்தால், ஒரு பக்கம் அப்பளமாகப் பொரிந்து, மறுபக்கம் மிதியடியாக விறைத்து, ரத்தம் கழுவின தண்ணீர் நிறத்தில் ஒரு வஸ்து தொங்குகிறது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. அதை இழுத்து நேராக்கப் பார்த்தார். இழுத்த இடத்தில் நூல் கையோடு வந்தது.

"கதம் ஆயிருச்சு டீச்சர், எல்லாம் முடிஞ்சிருச்சு," என்றார்.

மறுபடி பின்ன நேரம் இல்லை. அந்த வாரமே செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்து, "அப்பா வரலியா?" என்றாள். எத்தனை காலத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை! நான் விழுந்தடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

மாமா வீட்டில் அந்த வஸ்துவை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார்.

"வெறுங்கையோட எப்புடி வாறது?"

"அங்க நல்ல டவல் இருக்கு மாமா. எழுந்திருங்க."

"டவலு வேணாம்."

"வேற என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஈர ஒடம்பு வழுக்கும் டீச்சர். அவன் வழுக்கித்தான் போனான். நான் விடல. சத்தியமா விடல." போர்வையின் கண்ணிகளுக்குள் விரல்களை நுழைத்துக் காட்டினார். "இதுன்னா வெரல் மாட்டிக்கும். தண்ணி வந்தாலும் போவாது."

குளிருக்கு என்றல்லவா நினைத்திருந்தோம்! பாவி மனுஷா, இதை எத்தனை நாளாக மனசுக்குள் வைத்திருந்தீர்? எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வஸ்துவை அங்கேயே போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

வார்டில் அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டிலிலிருந்து தள்ளியே நின்றார். செல்வி குழந்தையை ஏந்தியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கை வலிக்குது. புடிங்கப்பா."

"வேணாம் ஆயி. என் கைய நம்பாத."

"புடிங்க."

தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து, முழங்காலை மடக்கி அணை கட்டிக்கொண்டு வாங்கினார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, "பாபா, பச்சி கோ தோ, சூயி லகானா ஹை," என்று கை நீட்டினாள். பிள்ளையைக் கொடுக்கணுமாம், ஊசி போடணுமாம். மாமா கொடுக்கவில்லை. நர்ஸ் குரலை உயர்த்தினாள். அவர் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

செல்வி கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "இருக்கட்டும் சிஸ்டர். அவரே தூக்கிட்டு வரட்டும்."

ஊசி போடுகிற அறை வரைக்கும் நீள வராந்தா. சுவரை உரசிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து அவர் நடந்தார். நானும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். பிள்ளை விழாது, அது எனக்குத் தெரியும். இந்த மனுஷன் விழுந்துவிடக் கூடாதே என்றுதான்.