காப்பி ஆறிய அத்தியாயம்

நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு என் பெயரே மறந்துவிடும். அப்படிப்பட்ட நான் ஒரு கல்லூரி மண்டபத்தில் விஞ்ஞானக் கேள்வி கேட்டேன் என்றால் யாரும் நம்புவதில்லை. (நானும்தான்.)

சாயத்தண்ணீரில் இருக்கும் சாயத்தைத் தேங்காய்த் தொட்டிக் கரி எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் என் மகள் பூங்கொடியின் டாக்டர் பட்டப் படிப்பு. பேசிப் பழக அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான் கிடைத்தேன்.

ஆதியில், கரி சாயத்தை எடுப்பதைப் பார்த்தார்களே தவிர, ஏன் என்று தெரியாதாம். பிறகு ஒருவர் கணக்கு மட்டும் போட்டார், காரணம் சொல்லவில்லை. இன்னொருவர், கரியின் மேல் இடங்கள் உண்டு, எல்லாம் ஒரே மாதிரி, இடத்துக்கு ஒரு சாயத் துணுக்குதான் என்று சொல்லி, அதற்கும் ஒரு கணக்குப் போட்டார். சிலர் அடுக்குமேல் அடுக்காக ஏறும் என்றார்கள். வேறொருவர் பொந்துக்குள் போய் நிரம்பும் என்றாராம். எனக்கு ராயபுரம் டவுன் பஸ்தான் நினைவுக்கு வந்தது: சீட்டுக்கு ஒருவர், மடிமேல் ஒருவர், மீதிப் பேர் சந்துபொந்தில்.

வாய்மொழித் தேர்வன்று வந்தவர்களுக்குப் பலகாரமும் காப்பியும் கொடுப்பது குடும்பத்தின் பொறுப்பு. கடைசி வரிசையில் காப்பிக் கேனோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சு முடியவில்லை, காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் பனியன் கம்பெனியில் முப்பது வருடம் செக்கிங் மேசையில் நின்றவள். அங்கே வாயே திறக்க வேண்டாம், கையைத் தூக்கினால் சூப்பர்வைசர் வருவார். அதே பழக்கத்தில், காப்பி கொடுக்கலாமா என்று மகளைக் கேட்கக் கையைத் தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்து, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டிருக்கிறார். என் கையைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு மைக் குடுங்க" என்றார்.

மைக் கைக்கு வந்ததும் காப்பி மறந்துபோனது. வீட்டில் கேட்டுப் பதில் வராத ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஏன் கண்ணு, கரியில எடமெல்லாம் ஒரே மாதிரி இல்லைன்னு நீயே சொன்னே. அப்பறம், எல்லா எடமும் ஒண்ணுன்னு சொன்னவரு கணக்கையே எதுக்குப் போட்டே?"

பூங்கொடி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கணக்கு நல்லாப் பொருந்துதுங்க சார்" என்றாள், அவரிடம்.

"பொருந்தினா நிஜமாயிடுமா?" என்று அவர் பிடித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் விடவில்லை. பேசியதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. பிள்ளையின் பட்டம் என் கையால் போகிறது என்பது மட்டும் புரிந்தது. கேனுக்குப் பின்னால் குனிந்து முருகா, முருகா என்றேன்.

பட்டம் கிடைத்தது. ஆனால் அதற்கு முன், என் கேள்விக்குப் பதிலாகத் தனியாக ஓர் அத்தியாயம் எழுதச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் ஆனது. வீட்டில் அதற்குப் பெயர் 'காப்பி ஆறிய அத்தியாயம்'. எனக்குப் படித்தும் காட்டினாள். பஸ்ஸில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது இன்னும் குழப்பம்தான்.

இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் முந்தானையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாலும் மருமகன் ஓடி வந்துவிடுகிறார். "அத்தை, கையை எறக்குங்க. மாப்ளை இன்னும் தாலி கட்டலீங்க."