காற்றுக்காகக் காத்திருந்த துக்கம் சார்

வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் காற்று அடித்துவிடக் கூடாதே என்று சாமி கும்பிடுவார்கள். காற்று அடித்தால்தான் வீடு கட்டுவேன் என்று உட்கார்ந்திருந்த மனிதர் உலகத்திலேயே துக்கம் சார் ஒருவர்தான். இதை மறுப்பவர்கள் அரியலூர் வந்து என்னோடு சண்டை போடலாம்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் அங்கே ஒரு பிளான் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். பக்கத்து மேஜையில் அவர் வீட்டுப் பிளான் வரைவார். சிமெண்ட் ஊர் அது. காலையில் கொடியில் போட்ட வேட்டி சாயங்காலம் தானாகக் கஞ்சி போட்டுக்கொண்டு விறைத்து நிற்கும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சட்டி சிமெண்ட்கூட இல்லாமல், முழுக்க மரத்தாலேயே ஒரு விருந்தினர் விடுதியை அவர் வரைந்துகொண்டிருந்தார்.

விடுதி, உடையார்பாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோரைப்பாய் பின்னும் மகளிர் குழுவுக்கு. அவர்கள் புளியமரத்தடியில் வேலை செய்தார்கள். தூறல் விழுந்தால் கோரை கறுத்துப்போகும். பாய் வாங்கவும் பின்னக் கற்கவும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்க இடமில்லை. பஞ்சாயத்து ஏரிக்கரையில் இடம் கொடுத்தது. ஆனால் ஐப்பசி மழைக்குள் கூரை ஏறாவிட்டால் அங்கே தண்ணீர்த் தொட்டி கட்டிவிடுவோம் என்றும் சொல்லிவிட்டது.

சாருடைய பிளானில் எல்லோரும் கூடிப் பின்ன நடுவில் பெரிய கூடம், சுற்றிலும் விருந்தாளிகளுக்கு அறைகள், ஆணிக்குப் பதில் மரமுளை. அந்தத் தாளின் முன்னால் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

"கொஞ்சம் மெதுவா டைப் அடிங்க. கிழக்கு ரூம்ல விருந்தாளி தூங்குறாங்க."

"எந்த விருந்தாளி சார்?"

"கும்பகோணத்துலேர்ந்து வந்திருக்காங்க. பாவம், ரொம்ப தூரம் பஸ்ல உக்காந்து வந்தவங்க."

அஸ்திவாரமே போடாத வீட்டில் தூங்குகிறவர்களுக்காக நான் எழுத்துகளைப் பூப்போலத் தட்டினேன். முதலாளியே அந்த மேஜையைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். மத்தியான வேளையில், இல்லாத அந்தக் கூடத்தின் காற்று என் மேலும் பட்டு, எனக்கும் கண் சொக்கும். கோரை வாசனைகூட வந்தது என்றால் நம்ப மாட்டீர்கள்.

சாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நிற்கிற மரத்தைத் தொட மாட்டார். காற்றில் தானாக விழுந்த மரம்தான் வேண்டும். எங்கேயாவது மரம் விழுந்தது என்று கேள்விப்பட்டால் தோளில் துண்டு போட்டுக்கொண்டு, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துக்கம் கேட்கக் கிளம்பிவிடுவார். பெயர் வந்த கதை அதுதான்.

குன்னம் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் பூவரசு விழுந்திருந்தது. சார் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

"எப்ப ஆச்சு?"

"நேத்து சாயங்காலங்க. காத்து அடிச்சுதுல்ல."

"வயசு?"

"எங்கப்பா வச்சதுங்க."

"கடைசியில ரொம்ப சிரமப்பட்டுச்சா?"

"இல்லைங்க. ஒரே சாய்ப்பு." அதுவரை விறகுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி பூட்டச் சொன்னார். "நீங்களே கொண்டுபோங்க சார். உங்க கையில இருந்தா அதுக்கு ஒரு குறையும் வராது."

இப்படியே துக்கம் கேட்டுக் கேட்டுத் தூண்கள் சேர்ந்தன, பலகைகள் சேர்ந்தன. கூடத்துக்குக் குறுக்கே போக வேண்டிய உத்திரம் மட்டும் கிடைக்கவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது. குழுத் தலைவி அஞ்சலை அக்காவின் கொல்லையிலேயே பட்டுப்போன வேம்பு ஒன்று, உத்திரத்துக்கென்றே பிறந்தது போல, நேராக நின்றது.

"பட்ட மரந்தானே சார், வெட்டிக்கலாம்" என்றார் அக்கா.

"நிக்கிற வரைக்கும் அது மரம்மா. விழுந்தாத்தான் கட்டை. விழட்டும்."

அந்த வருஷம் பார்த்து ஓர் இலைகூட அசையவில்லை. சார் டீக்கடை வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். தொட்டி கட்டும் இடத்தை அளக்க ஆட்கள் வந்து போனார்கள். அவர்கள் போன திசையையே அஞ்சலை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் ஆபீஸ் வேலையாகப் பெரம்பலூர் போன ஒரு நாள், வேம்பு விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மறுநாளே துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

கொல்லையில் மரம் கிடந்தது. பெண்கள் எல்லோரும் குனிந்த தலையோடு வரிசையாக நின்றார்கள். அடிக்கட்டையின் மேல் புதுக் கோரைப்பாய் விரித்திருந்தார்கள். "உக்காருங்க சார்" என்றார் அக்கா. சார் உட்கார்ந்தார். அவர் கை பாய்க்கு அடியில் மெல்லத் தடவியது. தோசைக்கல் மாதிரி மழமழவென்று இருந்திருக்கும்.

"எப்ப ஆச்சு?"

"நேத்து மத்தியானம் சார்."

"காத்தா?"

"பெருங்காத்து சார்."

பக்கத்துக் கொல்லையில் வாழைகள் ஓர் இலை கிழியாமல் நின்றன. சார் வாழையைப் பார்த்தார். பிறகு பெண்களின் கைகளைப் பார்த்தார். கோரை மட்டுமே பிடித்துப் பழகிய கைகள். ஆள் கூப்பிட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று அவர்களே ரம்பம் இழுத்திருந்தார்கள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"கையில என்னம்மா?"

கைகள் எல்லாம் முந்தானைக்குள் போயின. அக்காதான் சொன்னார்: "சாயும்போது புடிச்சு நிறுத்தப் பாத்தோம் சார்."

சிரிப்பை மறைக்க நானும் தலையைக் குனிந்துகொண்டேன். சார் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். தன் வாழ்நாள் பிடிவாதத்தின் மேலேயே உட்கார்ந்திருந்த அந்த மனிதர் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"இத்தனை பேரு புடிச்சும் நிக்கலேன்னா, அதுக்கு நேரம் வந்துருச்சும்மா" என்றார். எழுந்தார். "டேப்பைக் கொண்டாங்க, அளந்துருவோம்."

வேம்பு உத்திரமாக ஏறியது. ஐப்பசியின் முதல் மழைக்கு முன்னால் கூரையும் முடிந்தது. மழை பெய்யப் பெய்ய அந்தக் கூடத்தில் பாய் பின்னியதை நானே பார்த்தேன். நனையாத கோரைக்கு ஒரு தனி மினுமினுப்பு உண்டு.

ஆனால் என் மனசை விட்டுப் போகாதது, மரத்தை அளந்துவிட்டு ஊர் திரும்பிய அந்தச் சாயங்காலம்தான். வழியில் ஒரு மருந்துக்கடை வாசலில் சார் வண்டியை நிறுத்தினார். கொப்புளத்துக்குப் போடும் களிம்பு ஒரு பை நிறைய வேண்டும் என்றார். கடைக்காரர் மிரண்டுபோனார்.

"இத்தனை யாருக்கு சார்?"

"எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு."

துக்கம் சாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் ஒற்றை ஆளாக இருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்த நான், வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.