பாலத்தின்மேல் எள்ளளவு அம்மா

எங்கள் ஊர்த் தோட்டத்தை வெள்ளி நாணயத்தில் பொறித்து அரசாங்கம் வெளியிட்டது. குளம், கல்விளக்கு, முட்டுக்கொடுத்த பைன் மரம், வளைந்த பாலம். பாலத்தின்மேல், முதுகில் பிள்ளையைக் கட்டிய ஒரு பெண். எள்ளளவுதான் இருப்பாள். தினமும் காலையில் என் ஷிஹோவை முதுகில் கட்டிக்கொண்டு அந்தப் பாலத்தில் போகிறவள் நான். ஆகவே அது நான்தான். குலுக்கலில் எங்களுக்கும் ஒரு நாணயம் விழுந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள், மீன்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டு அப்போதுதான் நகராட்சிக்கு எழுதியிருந்தேன். மதியச் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் கூடத்தில் என் வேலையை ஏப்ரல் முதல் தேதி வரைதான் வைத்திருப்பார்கள். பதில் வந்தது: "தங்கள் விண்ணப்பம் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. அரசு நாணயத்தின்படி, குழந்தை தாயின் முதுகில் நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருவதால், இடம் ஒதுக்க அவசியம் எழவில்லை."

மூன்று தடவை படித்தேன். என் வீட்டுக்காரர் குனிஹிரோ, "அரசாங்கமே உன்னைப் பத்தி எழுதியிருக்கு பாரு" என்று அதை எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

நகராட்சியில் நகுமோ என்ற அதிகாரி பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்தார்.

"பாப்பா சௌகரியமாத்தானே இருக்கு?"

"அது போன வருஷங்க. இப்ப பதினோரு கிலோ."

"நாணயத்துல எடை போடலையேம்மா."

ஆனாலும் நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்தி ஒரு படிவத்தை நீட்டினார். நாணயத்தில் இருப்பது நான் அல்ல என்று, கையெழுத்துக்குப் பதிலாக எல்லாரும் வைத்திருக்கும் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்தால் போதுமாம், திங்கட்கிழமையே இடம். முத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன்.

பக்கத்து வரிசையில் பிள்ளையும் அதே கடிதமுமாக நின்ற ஹிராபயாஷி அம்மா எட்டிப் பார்த்தாள். "குத்துங்க, குத்துங்க. அது நான்தானே" என்றாள்.

தள்ளுவண்டியில் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகிறவள் இவள். முத்திரையைப் பைக்குள் போட்டேன்.

ஏப்ரலில் காப்பகத்தில் பதினான்கு இடம் காலி என்று அறிவித்தார்கள். அதே கடிதம் வந்த பதினான்கு அம்மாக்களில் ஒருத்தியும் படிவத்தில் முத்திரை குத்தவில்லை. காலையில் பதினான்கு பேரும் முதுகில் பிள்ளையோடு பாலத்தில் எதிர்ப்பட்டு, மரியாதையாகக் குனிந்து வணங்கி, ஒருவருக்கொருவர் வழி விடாமல் நிற்கிறோம்.

என் வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். அவளிடம் நாணயம்கூட இல்லையாம், பாவம்.