ரயில் ஓடும்வரை பயணத்தைத் தள்ளிவையுங்கோ, அத்தான்

செவன் கிங்ஸ், லண்டன்
ஐப்பசி 1989

பேரன்புக்குரிய அத்தான் குலசேகரம் அவர்கட்கு,

மைத்துனன் ஸ்ரீஸ்கந்தராஜா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மனோர் பார்க் முருகன் அருளால் இங்கு நானும் மனைவி தவமலரும் குளிர் ஒன்றைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். கொழும்பில் தாங்களும் சிவனேஸ்வரி அக்காவும் அவ்வாறே இருப்பீர்களென நம்புகிறேன்.

தாங்கள் இருவரும் லண்டன் வரவிருப்பதாக எழுதியது கண்டு மட்டற்ற மகிழ்ச்சி. ஆயினும் பயணத்தை ஏழெட்டு வருடம் தள்ளிவைக்க முடியுமா எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எங்கள் வீடு லண்டனின் கிழக்கு ஓரம், ஹீத்ரோ விமான நிலையம் மேற்கு ஓரம். ஊரில் இருந்து யார் வந்திறங்கினாலும் "ஸ்ரீ காரோட வருவான்" என்று யாரோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பாதாள ரயில் இருக்கிறதுதான், ஆனால் மிளகாய்த்தூளும் காய்ஞ்ச பனங்கிழங்கு ஒடியலும் அடைஞ்ச பெட்டிகளோட படியேற எங்கட சனத்தால ஏலாது. போன மாதம் தவமலரின்ர பெரியம்மா வழி ஆளெண்டு ஒருத்தரைக் கூட்டிவந்து, சோறு குடுத்து, என்ர கட்டிலையும் குடுத்து, விடியத்தான் தெரிஞ்சுது, அவர் தெற்கு லண்டன் டூட்டிங்கில இருக்கிற வேறொரு ஸ்ரீயைத் தேடி வந்தவர்.

இப்பிடி இருக்கேக்கைதான் நகரத்துக்கும் ஹீத்ரோவுக்கும் பெட்டியளோட நேர ஏறக்கூடிய புது ரயில் பாதை போடத் திட்டம், அதுக்கொரு பொதுக்கூட்டம் எண்டு பேப்பரில பாத்தன். ஆதரவு சொல்ல வேணுமெண்டு ஷிப்டுக்கு லீவு போட்டு, கோட்டும் டையுமாப் போனன். அது, ரயில் வந்தா விமானச் சத்தம் இன்னும் கூடுமெண்டு பாதையை எதிர்க்கிற ஆக்களின்ர கூட்டம் எண்டதை நான் வடிவா வாசிக்கேல்லை. எழும்பி நிண்டு, "இந்த விமான நிலையத்தால எனக்கு நித்திரை இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, வீட்டில மனுசி கதைக்கிறதும் இல்லை" எண்டு இங்கிலீசில சொன்னதுதான், மண்டபம் முழுக்கக் கைதட்டு. "ஆகவே ரயிலைக் கெதியாப் போடுங்கோ" எண்ட அடுத்த வசனம் ஒருத்தற்ற காதிலயும் விழேல்லை. தலைவி இசபெல் ஓடிவந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சு, "உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் தேடினனாங்கள்" எண்டா. தேத்தண்ணியும் கேக்கும் தந்து உபதலைவராக்கிப் போட்டினம்.

மறுத்திருக்கலாம், அத்தான். ஆனா ஒரு சங்கத் தேர்தலிலயும் இதுவரைக்கும் வெண்டறியாதவன் நான். இந்த நாட்டுக்கு வந்தபிறகு ஒரு கூட்டம் என்னைப் பாத்துக் கைதட்டினது அண்டைக்குத்தான்.

அடுத்த கிழமை திட்டக்காரரோட பேச்சுவார்த்தை. என்னை முன்னுக்கு இருத்தினவை. மேசைக்கு அங்கால பாத்தா மெட்ராஸ் எஞ்சினியர் ஒருத்தர், பேர் நரசிம்மன். நான் முகத்தைக் கடுமையா வைச்சுக்கொண்டு தமிழில, "தம்பி, இவையின்ர பேச்சைக் கேளாதேங்கோ. கெதியாக் கட்டுங்கோ" எண்டன்.

மனுசன் திகைச்சுப் போனார். "சார், நீங்க எதிர்ப்பா, ஆதரவா?"

"பதவி எதிர்ப்பு, மனசு ஆதரவு. எப்ப முடியும்?"

"ஏழெட்டு வருஷம் ஆகும் சார்."

"ஐயோ!" எண்டு மேசையில ஓங்கி அடிச்சுப்போட்டன். இசபெலுக்குக் கண் கலங்கிப்போச்சு. தாய்மொழியில ஒருத்தர் இவ்வளவு ஆவேசமா எதிர்த்ததைத் தான் கண்டதில்லையாம். இப்ப என்னைத் தலைவராக்கக் கதை நடக்குது.

ஆகவே அத்தான், ரயில் ஓடத் தொடங்கிய அன்றே தங்களுக்குத் தந்தி அடிப்பேன். அதுவரை ஹீத்ரோப் பக்கம் கார் விடுவதில்லை எனத் தவமலர் முன்னிலையில் சத்தியம் செய்துள்ளேன். உறவென்றாலும் விதிவிலக்கு இல்லை.

அக்காவின் முழங்கால் நோ தணியவும், தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுள் வாய்க்கவும் முருகனை வேண்டும்,
தங்கள் அன்பு மைத்துனன்,
ஸ்ரீஸ்கந்தராஜா

பி.கு.: உறை ஒட்டப் போக ரெலிபோன் அடிச்சுது. எடுத்தா, அக்காதான்! பிளேன் ரிக்கற் முந்தியே கிடைச்சிட்டுதாம், ரெண்டு பேரும் ஹீத்ரோவில நிக்கிறியளாம், எட்டுப் பெட்டியாம். வெளியில வராதேங்கோ, குளிரும். இப்ப வாறன். கடிதத்தைக் கையில கொண்டு வாறன், காரில வரேக்கை வாசிக்கலாம்.